ஜிக்கின் மேல்பக்கம்

1

இந்தக் கதை ஒரு சொற்பட்டியலிலிருந்து வந்தது. 1988-இல் ஒசூரில், மத்திகிரி போகிற சாலையோரம் இருந்த ஒரு ஷெட்டில் நான் டைப்பிஸ்டாக இருந்தேன். தூண்டில் முள்ளில் இறகும் முடியும் கட்டி, மீனை ஏமாற்றும் பொய்ப்பூச்சிகள் செய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற கம்பெனி அது. புதிதாக வேலைக்கு வருகிற பெண்களுக்காக அந்தத் தொழிலின் அடிப்படைச் சொற்களைத் தமிழில் எழுதித் தருகிற வேலை என் தலையில் விழுந்தது. மொத்தம் இருபத்தெட்டுச் சொற்கள். அவற்றை எழுதியபோது ஒரு வரி விடுபட்டுப் போனது.

(விடுபட்டுப் போனது என்று எழுதினால் அது தானாகப் போனது போல இருக்கிறது. நான்தான் விட்டேன். மேலே இருப்பதைத் திருத்தாமல் அப்படியே வைக்கிறேன். எட்டு வருஷமாக இந்தக் கதையை எழுத உட்காரும்போதெல்லாம் என் கை இப்படித்தான் நழுவுகிறது என்பது உங்களுக்கும் தெரியட்டும்.)

முதல் முயற்சி இப்படித் தொடங்கியது:

பனி மூடிய ஒசூரின் அதிகாலையில், ஆலைச் சங்குகள் முழங்க, ரோஜாத் தோட்டங்களின் நடுவே

அங்கேயே பேனாவை மூடினேன். எங்கள் ஷெட்டுக்குச் சங்கு கிடையாது. ஒன்பது மணிக்கு வாட்ச்மேன் தண்டவாளத் துண்டை ஒரு தட்டு தட்டுவார். ரோஜாத் தோட்டத்தை நான் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி.

இரண்டாவது முயற்சியில் டைப்பிஸ்டை ஆணாக்கினேன். நல்லுசாமி என்று பெயர் வைத்தேன். நல்லுசாமி ஒரு வரியை விட்டுவிடுகிறான். தப்பு தெரிந்த அன்றே முதலாளி முன்னால் போய் நின்று ஒப்புக்கொள்கிறான். இரண்டு பக்கத்தில் கதை முடிந்துவிட்டது. இவ்வளவு யோக்கியனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அவனை அனுப்பிவிட்டேன். நடந்ததை, நடந்த ஆளே சொல்கிறேன். என் பெயர் முனிலட்சுமி. சொந்த ஊர் சிங்காரப்பேட்டை. கிருஷ்ணகிரி காலேஜில் பி.ஏ. முடித்து, டைப்பிங் ஹையர் பாஸ் பண்ணியிருந்தேன். அப்போது வயது இருபத்து மூன்று.

2

முதலில் சொற்களைச் சொல்லிவிட வேண்டும். பயப்படாதீர்கள், நாலைந்துதான்.

ஒரு தூண்டில் முள்ளைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். நூல் கோக்கிற ஓட்டை, கண். கண்ணிலிருந்து நேராக ஓடுகிற கம்பி, தண்டு. அது வளைகிற இடம், வளைவு. வளைந்து திரும்பி வந்து நிற்கிற கூர்மை, முனை. வளைவை ஒரு சின்ன வைஸில், அதாவது திருகு இடுக்கியில், கவ்வக் கொடுத்து, தண்டின் மேல் நூலைச் சுற்றி, சுற்றுக்குள் இறகையோ முடியையோ வைத்து இறுக்க வேண்டும். தொழில் அவ்வளவுதான்.

இதில் இரண்டு வகை. லேசாக இருப்பது, தண்ணீரின் மேல் பூச்சி உட்கார்ந்தது போல மிதப்பது, ஃப்ளை. தண்டின் தலைப்பில் ஈயக் குண்டு வார்த்திருப்பது, முழுகிப்போய்ச் சிறுமீன் போலத் துள்ளுவது, ஜிக். ஷெட்டில் முதலாவதைப் 'பூச்சி' என்றும் இரண்டாவதை 'ஜிக்கு' என்றும் சொன்னார்கள்.

வெளிநாட்டு ஆர்டர்காரர் அனுப்பிய ஆங்கிலத் தாளை வைத்துக்கொண்டு நான் அகராதியோடு மூன்று நாள் போராடினேன். கடைசியில் நூலைக் கட்டி முடிக்கிற முடிச்சுக்குச் 'சாட்டை முடிப்பு' என்று எழுதினேன். முள்ளின் முனைக்கும் தண்டுக்கும் இடைப்பட்ட அகலத்துக்கு 'வாய்ப்பிளவு' என்று எழுதினேன். எழுதும்போது பெருமையாகத்தான் இருந்தது.*

* மேஜைகளில் யாரும் இவற்றைச் சொல்லவில்லை. சாட்டை முடிப்பை 'லாஸ்ட்டு' என்றார்கள். சேவலின் கழுத்து இறகைத் தண்டைச் சுற்றிச் சிலிர்க்க வைப்பதை நான் 'கழுத்திறகுச் சுற்று' என்று எழுதியிருந்தேன். தளியிலிருந்து வருகிற கெம்பம்மா அதைத் 'தாடி' என்று ஒரே சொல்லில் முடித்தாள். முனை, கண், அளவு எல்லாம் 'பாயின்ட்டு', 'ஐ', 'சைஸு'. கன்னடமும் தெலுங்கும் உருதும் தமிழும் ஒரே மேஜையில் உட்கார்ந்தால் நடுவில் ஆங்கிலம் வந்து உட்கார்ந்துவிடுகிறது. இதைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். இப்போது வேண்டாம்.

ஷெட்டை நடத்தியவர் ராஜப்பன். பெங்களூரில் ஒரு மெஷின் ஃபாக்டரியில் பதினைந்து வருஷம் வேலை பார்த்துவிட்டுச் சொந்தமாகத் தொழில் செய்ய வந்தவர். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. ஆர்டர், அளவு, தேதி, இந்த மூன்றும் சரியாக இருந்தால் அவருக்குப் போதும். அவர் தூண்டில் போட்டதில்லை. நானும் போட்டதில்லை. கட்டுகிற முப்பது பெண்களில் ஒருத்தரும் போட்டதில்லை. நாங்கள் கட்டியதைக் கடிக்கிற மீன் எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியாது. அது எங்கள் ஊர் ஏரிகளில் இல்லாத மீன் என்று மட்டும் ராஜப்பன் ஒரு தடவை சொன்னார்.

3

இப்போது ஃபகருன்னிசா வர வேண்டும். அவரை எழுதுவதில்தான் எனக்குத் தகராறு.

முந்தைய முயற்சிகளில் அவர் சாந்தமான பெண். தலைகுனிந்து வேலை செய்வார். அநியாயம் நடந்தால் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார். அப்படி எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. பாதிக்கப்பட்டவர் சாந்தமாக இருந்தால், எழுதுகிறவள் வருத்தப்படுவது சுலபம்.

உண்மையில் அவர் அப்படி இல்லை. முப்பது வயதிருக்கும். உயரம். ஒரு டெய்லரிடம் பட்டனுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தவர். ஷெட்டுக்கு வந்த ஆறே மாதத்தில் ஜிக் மேஜைக்கு லீடர். தன் கைவேலையில் கர்வம் உண்டு. மெதுவாகக் கட்டுகிற பெண்களைப் பார்த்து, "நீ கட்டி முடிக்கிறதுக்குள்ள அந்த மீனுக்குப் பேரன் பொறந்துடும்" என்பார். அழுகிற பெண்ணிடம் அதற்கப்புறமும் இன்னொரு வார்த்தை சொல்வார். சரியில்லாத ஜிக்கைச் சொல்லாமல் எடுத்து, தானே பிரித்து, தானே கட்டி, அவர்கள் பெட்டியிலேயே போட்டுவிடுவார். இதையும் செய்தவர் அவர்தான்.

ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது. அவர் தெருவிலிருந்து கம்பெனி வேலைக்கு வந்த முதல் பெண் அவர். வீட்டுக்காரர் மெஹபூப் பாஷா லாரி டிரைவர். அவர் தடுக்கவில்லை, மற்றவர்கள் பேசினார்கள். ஒரு வருஷம் ஃபகருன்னிசா பேச்சுக் கேட்டுக்கொண்டே வந்து போனார். அடுத்த வருஷம் அதே தெருவில் ஆறு வீடுகளுக்குப் போய், 'என் பக்கத்தில் உட்கார வைக்கிறேன், என் கூடவே கூட்டி வந்து விடுகிறேன்' என்று தாய் தகப்பனிடம் வாக்குக் கொடுத்து, ஆறு பெண்களை அழைத்து வந்தார். பக்கத்து வீட்டு அதியா அதில் ஒருத்தி. பத்தொன்பது வயது. ஃபகருன்னிசா ஷெட்டில் இருக்கிறவரைதான் அந்த ஆறு பேரும் இருப்பார்கள். இது எல்லோருக்கும் தெரியும்.

எனக்கும் தெரியும்.

4

விட்ட வரி.

அதுவரை ஜிக்கெல்லாம் ஒரே நிற முடியில்தான் போனது; இந்த ஆர்டர்தான் இரண்டு நிறம். ஜிக்கைப் பற்றிய குறிப்பில் ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியங்கள் இருந்தன. முதலாவது: கறுப்பு முடி மேல்பக்கம், வெள்ளை முடி கீழ்ப்பக்கம். இரண்டாவது அடைப்புக்குறிக்குள் இருந்தது: ஜிக் தண்ணீரில் முனை மேலே இருக்கும்படி போகும்.

என் மேஜையில் ஒரு மாதிரி ஜிக் இருந்தது. வைஸில் கவ்விக் கொடுத்தால் தண்டு மேலே, முனை கீழே. அப்படித்தான் எல்லாப் பெண்களும் வைத்துக் கட்டினார்கள். முனை எப்படி மேலே போகும்? அந்த வாக்கியத்தை நாலு தடவை படித்தேன். அச்சுப்பிழை என்று நினைத்தேன். அப்புறம், அச்சுப்பிழையாக இல்லாவிட்டால் என்ற சந்தேகமும் வந்தது. ராஜப்பனிடம் கேட்டிருக்கலாம், பத்தடி தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

அன்று காலையில்தான் அவர் ஆர்டர்காரரிடம் டிரங்க் காலில், எங்களிடம் ஒரு கிராஜுவேட் பெண் இருக்கிறாள், அவள் பார்த்துக்கொள்வாள் என்று சொல்லியிருந்தார். எழுந்து போய் எனக்கு இது புரியவில்லை என்று

(இந்த வாக்கியத்தை முடிக்கத் தெரியவில்லை. அன்றைக்கும் முடிக்கவில்லை.)

ஸ்டென்சில் தாளில் அடியில் இடம் குறைவாக இருந்தது. அதை எனக்கு நானே காரணமாகச் சொல்லிக்கொண்டு அடைப்புக்குறியை விட்டுவிட்டேன். 'கறுப்பு மேலே, வெள்ளை கீழே' என்று மட்டும் அடித்தேன். சைக்ளோஸ்டைலில் நாற்பது பிரதி ஓட்டி மேஜைக்கு மேஜை கொடுத்தேன்.

ஜிக் மேஜையில் பதினான்கு பேர். வைஸில் எது மேலே தெரிந்ததோ அங்கே கறுப்பு ஆட்டு முடி வைத்தார்கள். கீழே வெள்ளை ஆட்டு முடி. இரண்டும் கலக்காமல், பிரித்த வகிடு போல. ஃபகருன்னிசா ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தான் பெட்டியில் போட்டார். முதல் டஜன் விமானத்தில் மாதிரியாகப் போனது. மற்றது இருநூறு டஜன் கட்டி, பெட்டி போட்டு, கப்பலுக்குக் காத்திருந்தது.

5

கடிதம் ஒரு வியாழக்கிழமை வந்தது. பிரித்துப் படித்தவள் நான்தான். தபாலைப் பிரித்து வைப்பது என் வேலை. கட்டு நேர்த்தி, ஆனால் முதுகும் வயிறும் இடம் மாறியிருக்கிறது, இப்படி ஒரு மீன் உலகத்தில் இல்லை, ஒரு டஜனையும் ஏற்க முடியாது என்று எழுதியிருந்தார்கள். அடியில் பேனாவால் ஒரு படம். கண் மேலே, முனை மேலே, கறுப்பு மேலே.

படத்தைப் பார்த்த கணத்தில் எனக்கு அந்த அடைப்புக்குறி ஞாபகத்துக்கு வந்தது. கடிதத்தை ராஜப்பனின் மேஜையில் வைத்துவிட்டு என் இடத்துக்கு வந்து, மெஷினில் தாள் ஏற்றி, எதையோ அடித்தேன். என்ன அடித்தேன் என்று இன்றைக்கும் தெரியாது.

ராஜப்பன் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கும் முழுதாகப் புரியவில்லை என்றுதான் நினைக்கிறேன். மேலே போக வேண்டியது கீழே போயிருக்கிறது என்பது மட்டும் புரிந்தது. ஃபகருன்னிசாவைக் கூப்பிட்டார். தாளில் கறுப்பு மேலே என்று தெளிவாக இருக்கிறது, அப்புறம் எப்படி என்று கேட்டார். மேலேதான் வைத்தோம் என்றார் ஃபகருன்னிசா. வெளிநாட்டுக்காரர் பொய்யா சொல்கிறார் என்று கேட்டார் ராஜப்பன். இந்தப் பேச்சு இப்படியே கால் மணி நேரம் சுற்றியது. ஜிக் மேஜையை அன்றோடு நிறுத்தினார். பதினான்கு பேரும் சொல்லி அனுப்புகிற வரைக்கும் வர வேண்டாம். லீடர் இனி வரவே வேண்டாம்.

போகிறதற்கு முன் ஃபகருன்னிசா என் மேஜைக்கு வந்தார். கோபமாக இல்லை. ஏதோ கணக்குப் புதிரைப் பார்ப்பது போல முகம்.

"லட்சுமி, அந்த இங்கிலீஷ் தாள்ல இருந்தது பூராவும் தமிழ்ல வந்துடுச்சுங்களா?"

"வந்துடுச்சுக்கா."

அவர் தலையை ஆட்டினார். நம்பினார் என்றுதான் அப்போது எடுத்துக்கொண்டேன். அதியாவும் மற்ற ஐந்து பெண்களும் வாசலில் அவருக்காக நின்றார்கள். ஏழு பேரும் ஒன்றாக நடந்து போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அந்த ஆறு வீட்டிலும் என்ன பேசுவார்கள் என்று யோசிக்காமல் இருக்க, கார்பன் தாள்களை எடுத்து அடுக்கினேன்.

(நல்லுசாமியாக இருந்தால் இந்த இடத்தில் ஓடிப் போய்க் கேட்டை மறித்திருப்பான். நான் அவனை அனுப்பியதற்கு இன்னொரு காரணமும் உண்டு என்பது இப்போதுதான் தெரிகிறது. அவன் பக்கத்தில் நிற்க எனக்குக் கூச்சம்.)

6

திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு ஃபகருன்னிசா வந்தார். பின்னால் ஜிக் மேஜை முழுதும் வந்தது. வாட்ச்மேன் நிறுத்தப் பார்த்திருக்கிறார். பதினான்கு பேரை ஒருவர் எப்படி நிறுத்துவது.

வியாழக்கிழமை வேலையை விட்டுப் போனபோது ஒரு ஜிக் அவர் முந்தானையில் மாட்டிக்கொண்டு வீடு வரைக்கும் போயிருக்கிறது. அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் யோசித்திருக்கிறார். மேலே என்று சொன்னால் மேலே வைத்தோம், வைத்த பிறகும் அது கீழே இருக்கிறது என்றால், ஒன்று அவர்கள் தலைகீழாகப் பார்க்கிறார்கள், இல்லையென்றால் அது தலைகீழாகப் போகிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதன் கண்ணில் தையல் நூலைக் கட்டி, வீட்டு அண்டாவில் இறக்கிப் பார்த்திருக்கிறார். இதையெல்லாம் அன்று ராஜப்பனிடம் அவர் வரிசையாகச் சொன்னார். ராஜப்பன் பாதி கேட்டும் கேட்காமலும் ஏதோ பில்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், நம்ம கட்டுறதைத் தண்ணியில போட்டு நீங்க ஒரு தடவையாச்சும் பாத்திருக்கீங்களா?"

அவர் பில்லைக் கீழே வைத்தார். பிறகு, இல்லை என்றார்.

ஷெட்டுக்குப் பின்னால், சாயம் போட்ட முடியை அலசுகிற சிமென்ட் தொட்டி இருந்தது. நாங்கள் எல்லோரும் அங்கே போனோம். பூச்சி மேஜைப் பெண்களும் எழுந்து வந்துவிட்டார்கள். காலையில்தான் தண்ணீர் மாற்றியிருந்தது. அடியில் இருந்த பாசிக் கறைகூடத் தெரிந்தது. ஃபகருன்னிசா தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து, நூலை விரலில் சுற்றிக்கொண்டு, ஜிக்கை மெதுவாக விட்டார்.

ஈயக் குண்டு முதலில் போனது. அரை அடி முழுகுவதற்குள், யாரோ விரலால் தள்ளிவிட்ட மாதிரி அது புரண்டது. ஜிக்கில் கண் நேராக இருக்காது, முனை இருக்கிற பக்கமாக மடங்கியிருக்கும். நூல் அந்தக் கண்ணைப் பிடித்து இழுக்கிறது, ஈயம் தன் கனத்தில் அடிப்பக்கம் போகிறது. முனை மேலே வந்துவிட்டது. வைஸில் இத்தனை மாதம் மேலே பார்த்த பக்கம் தொட்டியின் அடியைப் பார்த்தது.

அவர் நூலைச் சுண்டினார். முடி விரிந்து சுருங்கியது. இன்னொரு தடவை சுண்டினார். அது மீன்தான். மல்லாந்த மீன். வெள்ளை வயிற்றை வானத்துக்குக் காட்டிக்கொண்டு நீந்தியது.

கெம்பம்மா குனிந்து பார்த்துவிட்டு, "இது மல்லாக்கப் படுத்துக்கினு போவுதுங்க சார்" என்றாள். யாரோ சிரித்தார்கள். எல்லோரும் முட்டி மோதிக்கொண்டு எட்டிப் பார்த்தோம். ஒருத்தி பூச்சி ஒன்றைக் கொண்டுவந்து போட்டாள்; அது மிதந்தது. அதையும் பார்த்தோம். இரண்டு வருஷமாகக் கட்டி அனுப்பியதை அன்றுதான் தண்ணீரில் பார்க்கிறோம். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்தச் சில நிமிஷம் நான் செய்தது எனக்கு மறந்தே போய்விட்டது. நானும் முழங்கையை ஊன்றி, வாயைத் திறந்துகொண்டு பார்த்தேன்.

ராஜப்பன் நூலை வாங்கித் தானே நாலு தடவை விட்டுப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, இப்படிப் போகும்னு அவங்க தாள்ல எழுதியிருந்ததா?"

தமிழில்தான் கேட்டார். முப்பது பேர் சுற்றி நின்றார்கள். ஃபகருன்னிசா தொட்டி விளிம்பில் உட்கார்ந்தபடியே என்னைப் பார்த்தார். நான் ஆங்கிலத்தில் பதில் சொன்னேன்.

"சார், ஐ மிஸ்ட் ஒன் லைன். ஹூக் பாயின்ட் அப்."

7

இங்கே நின்று ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். நான் ஏன் ஆங்கிலத்தில் சொன்னேன் என்று நீங்கள் கேட்கத் தேவையில்லை. ராஜப்பனுக்குப் புரிய வேண்டும், ஃபகருன்னிசாவுக்குப் புரியக்கூடாது. பொய்யும் சொல்லவில்லை, மானமும் போகவில்லை. அந்த ஒரு நொடியில் எனக்கு அது பெரிய கெட்டிக்காரத்தனமாகப் பட்டது.

சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்ன சொற்கள் என் காதிலேயே விழுந்தன. மிஸ். லைன். ஹூக். பாயின்ட். அப். அந்த ஷெட்டில் காலையிலிருந்து சாயங்காலம் வரை எல்லோர் வாயிலும் புழங்குகிற சொற்கள். ஒரு சுற்று விட்டுப்போனால் 'மிஸ்ஸு'. நூலின் வரிசை 'லைனு'. நான் 'முனை' என்று தமிழில் எழுதிக் கொடுத்த பிறகும் அவர்கள் விடாமல் சொன்ன 'பாயின்ட்டு'. ஆங்கிலத்தில் ஒளிந்துகொள்வதாக நினைத்து, அவர்கள் மேஜை மேலேயே ஏறி நின்றுவிட்டேன்.

ஆனால் யாராவது புரிந்துகொண்டார்களா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. முப்பது முகமும் வெயிலுக்குச் சுருங்கியிருந்தன.

ராஜப்பன் என்னைத் திட்டவில்லை. ஃபகருன்னிசாவின் பக்கம் திரும்பி, நூலைக் கொடுத்து, உங்கள் மேல் தப்பில்லை, நாளைக்கு எல்லோரும் வாருங்கள், நீங்களும் வாருங்கள் என்றார். இனிமேல் எது கட்டினாலும் முதல் ஒன்றை இந்தத் தொட்டியில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் மற்றது என்றும் சொன்னார்.

அப்போது ஃபகருன்னிசா ஜிக்கைத் தூக்கி, உதறி, அதியாவின் கையில் கொடுத்தார். கொடுத்தபடியே அவளிடம் உருதுவில் ஒரு வாக்கியம் சொன்னார். அதியாவிடம்தான் சொன்னார். ஆனால் பார்வை என் மேல் இருந்தது. எனக்கு உருது தெரியாது. அந்த வாக்கியத்தில் 'பானி' என்ற ஒரு சொல் மட்டும் புரிந்தது. தண்ணீர். அதியா என்னைத் திரும்பிப் பார்த்தாள். சிரிக்கவில்லை, முறைக்கவும் இல்லை. புதிதாக ஒரு ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

இந்த இடத்துக்கு நான் எழுதிப் பார்த்த முடிவுகள் மூன்று. கொடுத்துவிடுகிறேன், பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம்.

ஒன்று: நான் அழுது, அவர் கையைப் பிடித்து, தமிழில் எல்லாவற்றையும் சொல்லி, அவர் என்னை மன்னிக்கிறார். இது நடக்கவில்லை.

இரண்டு: ராஜப்பன் என்னை வேலையை விட்டு அனுப்புகிறார். இதுவும் நடக்கவில்லை. என்னைவிடக் குறைந்த சம்பளத்துக்கு டைப்பிஸ்ட் கிடைக்காது என்பது அவருக்குத் தெரியும்.

மூன்று: ஃபகருன்னிசா வேலையை உதறிவிட்டுத் தலைநிமிர்ந்து போகிறார். இதை எழுதும்போது கை நன்றாக ஓடியது, அதனாலேயே சந்தேகப்பட்டு அடித்துவிட்டேன். அவருக்கு அந்த வேலை பிடிக்கும். ஏன் விட்டுப் போக வேண்டும்?

நடந்தது இது. மறுநாள் பதினான்கு பேரும் வந்தார்கள். இருநூறு டஜனையும் பிளேடால் நூல் அறுத்துப் பிரித்தார்கள். முடி வீணாகாமல் கறுப்பைத் தனியாக, வெள்ளையைத் தனியாகச் சேர்த்தார்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை நானும் போய் ஒரு பிளேடை எடுத்துக்கொண்டு கடைசி ஸ்டூலில் உட்கார்ந்தேன். யாரும் கூப்பிடவும் இல்லை, எழுந்து போகச் சொல்லவும் இல்லை. முதல் நாள் மூன்று இடத்தில் விரலை அறுத்துக்கொண்டேன். இரண்டாவது ஞாயிறு ஃபகருன்னிசா என் பின்னால் வந்து நின்று பார்த்துவிட்டு, "முடியோட சேத்து அறுக்காதீங்க லட்சுமி, நூலை மட்டும்" என்றார். மற்றப் பெண்களைத் திட்டுவது போலவாவது என்னைத் திட்டியிருக்கலாம். கடைசி வரைக்கும் என்னிடம் அவர் மரியாதையாகவே பேசினார். அது என்ன அர்த்தம் என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

ஆறு பெண்களில் ஒருத்தியும் வேலையை விட்டு நிற்கவில்லை. அடுத்த வருஷம் அதே தெருவிலிருந்து இன்னும் நாலு பேர் வந்தார்கள். சொற்பட்டியலை நான் திரும்ப அடித்தேன். அந்தத் தடவை புரியாத இடங்களில் எல்லாம் எழுந்து போய்க் கேட்டேன், ராஜப்பனுக்குத் தெரியாததை மேஜைக்குப் போய் ஃபகருன்னிசாவிடம் கேட்டேன். அவர் சொன்னார். நான் எழுதிக்கொண்டேன்.

8

1991-இல் எனக்குக் கிருஷ்ணகிரியில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் வேலை கிடைத்தது. கிளம்புகிற அன்று ஷெட்டில் டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தேன். ஃபகருன்னிசா பன்னைப் பாதி பிய்த்து அதியாவுக்குக் கொடுத்தார். அந்த உருது வாக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்று கேட்க மூன்று வருஷமாக நினைத்தேன், அன்றும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. மெஹபூப் பாஷாவுக்கு வெளியூரில் வேலை மாறி, குடும்பத்தோடு ஹூப்ளிப் பக்கம் போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டேன்.

போன வருஷம், 1996 தை மாதம், கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் அதியாவைப் பார்த்தேன். அவள்தான் என்னை அடையாளம் கண்டுபிடித்தாள். இரண்டு பிள்ளைகள். கல்யாணமாகிப் போச்சம்பள்ளியில் இருக்கிறாளாம். அங்கே சந்தை கூடுகிற இடத்துக்கு எதிரே சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறாள். ஷெட்டில் கட்டிய கை, ஊசி சொன்னபடி கேட்கிறது என்றாள். அக்கா நல்லா இருக்காங்க, லெட்டர் போடுவாங்க என்றாள். பேச்சு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அவள் பஸ் கிளம்ப இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. என் வாய் வரைக்கும் வந்தது. அன்னிக்குத் தொட்டிகிட்ட உங்கக்கா என்ன சொன்னாங்க என்று

சின்னவன் தண்ணீர் கேட்டு அழுதான். நான் போய்க் கடையில் ஒரு சோடா வாங்கி வந்து கொடுத்தேன். பஸ் கிளம்பிவிட்டது.

எனக்குத் தெரிந்தவரை அந்த வாக்கியம் பலவாக இருக்கலாம். தண்ணீரில் போட்டுப் பார்த்தால்தான் ஆளும் தெரியும் என்று என்னைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். தொட்டித் தண்ணீர் குளிர்கிறது என்று சொல்லியிருக்கலாம். இந்தப் பெண்ணுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடு, முகம் வெளுத்துவிட்டது என்றும் சொல்லியிருக்கலாம். கடைசியில் சொன்னதைத்தான் நான் நம்ப விரும்புகிறேன். அதனாலேயே அதை இந்தக் கதையின் முடிவாக வைக்க மனசு வரவில்லை.

ஆகவே இந்த வேலையை உங்களிடம் விடுகிறேன். போச்சம்பள்ளிக்குக் கிருஷ்ணகிரியிலிருந்து அடிக்கடி பஸ் உண்டு. ஞாயிற்றுக்கிழமை போக வேண்டாம், சந்தைக் கூட்டத்தில் அவளுக்குப் பேச நேரம் இருக்காது. அதியா டெய்லர் என்று கேட்டால் காட்டுவார்கள். அவளுக்கு ஞாபகம் இருக்கும், அன்று என்னைப் பார்த்த பார்வை அப்படி. ஒசூர் ஷெட், சிமென்ட் தொட்டி, மல்லாந்த ஜிக் என்று மூன்றைச் சொன்னால் போதும். என்ன சொன்னாள் என்பதை எனக்கு எழுதலாமா வேண்டாமா என்பதை, அதைக் கேட்டுவிட்டுத் திரும்புகிற பஸ்ஸில் நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.